குடை கொடுக்க வந்தவள்

என்னோடு ஒரே காலத்தில் பள்ளிச் சீருடை அணிந்தவர்களே, ஒரே படத்தின் ஒரே காட்சியில் என்னோடு சேர்ந்து கைதட்டியவர்களே, நான் முன்பு வைத்த ஒரு வாதத்தைத் திரும்பப் பெறுவதற்காக இதை எழுதுகிறேன். மேடையேறிப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு கசப்பான வேலை என்பது தெரியும். சொன்னதிலிருந்து பின்வாங்குபவர் தோற்றவர் என்றுதான் நமக்குக் கற்பித்தார்கள். அன்று நான் தோற்கவில்லை; வென்றேன். இன்று என்னைக் குமட்ட வைப்பது அந்த வெற்றிதான்.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் அதன் பாட்டை முணுமுணுக்கத் தொடங்குவீர்கள். நான் சொல்ல வந்தது பாட்டுக்குள் அமுங்கிப் போகும். கதையை மட்டும் சொல்கிறேன். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். அவளைக் கண்ட நாள்முதல் அவள் போகுமிடமெல்லாம் போகும் ஒரு கதாநாயகன். வேண்டாம் என்கிறாள், சிரிக்கிறான். அழுகிறாள்; அந்த அழுகைக்கு அவன் நண்பர்கள் தாளம் போடுகிறார்கள். அவளுடைய சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டு, அவள் அதைத் தள்ளிக்கொண்டு போகும்போது பின்னாலேயே நடக்கிறான். கடைசியில் அவள் வீட்டு வாசலில், கொட்டும் மழையில், மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறான். மூன்றாம் நாள் அவள் ஒரு குடையோடு வெளியே வருகிறாள். பாட்டு தொடங்குகிறது. படம் முடிகிறது. இதற்குத்தான் நாம் கண்ணீர் விட்டோம்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். நான் ஒன்பதாம் வகுப்பு. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் என் பெரியப்பா சூளை பார்த்தார். அவருடைய மகள், நான் அக்கா என்றே அழைத்தவள், அதே பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதினாள். அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. பள்ளி விட்டதும் நான் பட்டறைக்குப் போய் அவளோடு சேர்ந்து வீடு திரும்புவேன். வெள்ளைத் தூசி படிந்து அவள் புருவம் நரைத்தது போல இருக்கும். எண்ணெய்ப் புகையும் ஈரக் களிமண்ணும் கலந்த வாடை அவள் தாவணியில் நிரந்தரமாகத் தங்கியிருந்தது. கண் எழுதும்போது மூச்சை நிறுத்திக்கொள்வாள். “மூச்சு உட்டா கண்ணு ஒருபக்கமா இழுத்துக்கும்டி” என்பாள். பத்துப் பொம்மைகளுக்கு எழுதியபின் ஒரு நீண்ட பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சின் இடைவெளியில்தான் என்னோடு பேசுவாள்.

பட்டறைக்குக் களிமண் கொண்டுவரும் லாரியை ஓட்டியவர் ஒருவர் இருந்தார். லாரிக்காரர் என்றே சொல்கிறேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிய நாளில், ஜன்னலை ஒட்டியே லாரியை நிறுத்தினார். அவள் உள்மேசைக்கு மாறிக்கொண்டாள். அதன்பின் வாசலில் வந்து மூன்று முறை ஆரன் அடிப்பார். ரயில்வே கேட் பக்கம் சுற்றிக்கொண்டு நாங்கள் வீட்டுக்குப் போனால், கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றிருப்பார். அக்கா அவரிடம் நேருக்கு நேராக மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் நான் பக்கத்தில் இருந்தேன். மூன்றாம் முறை அவள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. “எனக்குப் புடிக்கலங்க. பின்னால வராதீங்க.”

அவர் சிரித்தார். என் கையில் ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைத் திணித்தார். “ஒங்கக்காகிட்ட எடுத்துச் சொல்லு பாப்பா. நீதான் நல்லா பேசுவியாமே!”

நான் அந்த மிட்டாயைத் தின்றேன். வீடுவரை தின்றேன். வெல்லப் பாகு விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்ததை நக்கிக்கொண்டே, அக்காவுக்கு எவ்வளவு திமிர் என்று எண்ணினேன். அவளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதற்குமேல் ஒரு காரணம் தேவையில்லை என்ற எளிய உண்மை என் மண்டையில் ஏற இருபது ஆண்டு பிடித்தது. பரிசு வாங்கிய மண்டை, ஐயா, அது!

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் இருந்தது. அன்று சூளையை அணைப்பார்கள். உலக்கை, சக்கரம், அச்சுகள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபின், வாடகைக்கு எடுத்த கலர் டிவிக்கும் சிடி பிளேயருக்கும்கூடப் பொட்டு வைப்பார்கள். பிற்பகலில் கொட்டகைக்குள் ஒரு படம் ஓடும். மறுநாள் விஜயதசமி காலையில், அந்தப் படத்தையே தலைப்பாக்கி ஒரு பட்டிமன்றம். முதலாளிதான் நடுவர். வென்றவருக்கு ஒரு பீங்கான் கோப்பை. அதில் வென்றவரின் பெயரைக் கண் எழுதும் பெண்களில் ஒருத்தி வண்ணத்தால் எழுத வேண்டும். பூஜைக்குப் பின் மூட்டும் முதல் சூளையில் அதை வைத்துச் சுட்டுக் கொடுப்பார்கள். சூளைக்குப் போகும்வரை அந்த எழுத்து வெறும் பூச்சு. விரலால் ஒரு தடவு தடவினால் போய்விடும். சூளை கண்டபின் எதனாலும் அழியாது.

அந்த ஆண்டு அந்தப் படம் ஓடியது. பொரியும் சுண்டலும் மடியில் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். உடைத்த பூசணிக்காயின் ஈரம் வாசலில் ஈ மொய்த்துக் கிடந்தது. இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். குடைக் காட்சியில் பாட்டு எழும்பியபோது தகரக் கூரையே அதிர்ந்தது. கதாநாயகனின் நண்பன், “பாத்தியா, மனசு கரைஞ்சிடுச்சு!” என்று கத்தினான். கொட்டகை மொத்தமும் விசிலடித்தது. நானும் எழுந்து நின்று கைதட்டினேன்.

அக்கா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் எழுதுகிறவள் அல்லவா, அந்தக் கதாநாயகியின் கண்ணைத்தான் பார்த்திருக்கிறாள்.

“ஏண்டி, அந்தப் பொண்ணு எங்க சரின்னு சொன்னா?” என்று கேட்டாள்.

“வந்தாளே அக்கா!”

“கொட குடுக்க வந்தா. அத்தான? சரின்னு எங்க சொன்னா? நீ பாத்தியா?”

நல்ல கேள்வி என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. நல்ல கேள்வி என்பதால்தான் அதை எதிரணி கேட்டால் எப்படி உடைப்பது என்று அன்று மாலையே குறிப்பெடுத்தேன். கேட்டவளின் முகத்தைப் பார்க்கவில்லை. கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் தலைப்பு: கதாநாயகனுடையது காதலா, பிடிவாதமா? பிடிவாதமே என்று பேசியவர் பட்டறையின் கணக்குப்பிள்ளை. அவர் தாளைப் பார்த்து முனகினார், சரியானதைத்தான் முனகினார். ஆனால் சரியானது முனகினால் எடுபடாது. காதலே என்று பேச நான் எழுந்தேன். எங்கள் பேச்சுப் பயிற்சி வகுப்பில் ஒரு விதி உண்டு. உதாரணத்தைப் புத்தகத்தில் தேடாதே, எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் தேடு. கூட்டம் உன் பையில் விழும். அந்த விதியை நான் எவ்வளவு பத்திரமாகக் கடைப்பிடித்தேன் என்பதைக் கேளுங்கள்.

“நடுவர் அவர்களே! வேண்டாம் என்று சொன்னது அவள் வாய். குடையை எடுத்து வந்தது அவள் கை. வாயை நம்புவதா, கையை நம்புவதா? தபால் நிலையம்வரை போவானேன்? இந்தக் கொட்டகையிலேயே ஒருத்தி இருக்கிறாள். ஆயிரம் பொம்மைகளுக்குக் கண் எழுதியவள். தன் கண்ணில் எழுதியிருப்பதை மட்டும் யாருக்கும் காட்டாமல் மறைக்கிறாள். வெளியே மூன்று முறை ஆரன் ஒலிக்கிறது. உள்ளே அவள் தூரிகை நடுங்குகிறது. ஏன் நடுங்குகிறது, நடுவர் அவர்களே, ஏன் நடுங்குகிறது?”

பயத்தில் நடுங்கியது. அந்தப் பதிலை அன்று கொட்டகையில் ஒருவரும் சொல்லவில்லை. நூறு தலைகள் ஒருசேர அக்கா பக்கம் திரும்பின. பிறகு சுவரோரம் நின்ற லாரிக்காரர் பக்கம் திரும்பின. அவர் கழுத்துத் துண்டால் வாயை மூடிக்கொண்டு நெளிந்தார். என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு கைதட்டல் எனக்குக் கிடைத்ததில்லை. அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போது எனக்கு, பூசணிக்காய் மேல் மொய்த்த ஈக்கள்தாம் நினைவுக்கு வருகின்றன.

முதலாளி தீர்ப்புச் சொன்னார். “கணக்குப்பிள்ள நல்லாதான் பேசினாரு. ஆனா பாப்பா பேசினதுக்கு நம்ம கொட்டாயிலயே சாட்சி இருக்குதே! காதல்தான்யா, சந்தேகமே இல்ல. என்னா லாரிக்காரரே, அடுத்த பூஜைக்குள்ள எங்களுக்குச் சாப்பாடு உண்டா?”

மறுபடி சிரிப்பு. அக்கா எழுந்து போகவில்லை. மடியில் இருந்த பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே லாரிக்காரரின் தாயும் தங்கையும் பூவும் வெற்றிலையுமாகப் பெரியப்பா வீட்டுக்கு வந்தார்கள். நான் தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

“நான் என்னாத்தச் சொல்றது?” என்றார் பெரியப்பா. “நூறு பேரு எதிர்ல எங்க வூட்டுப் புள்ளயே சொல்லிடுச்சி. எனக்குத்தான் தெரியாம இருந்திருக்குது.”

“அப்பா, எனக்குப் புடிக்கல.” அக்காவின் குரல்.

“படத்துலயும் அந்தப் பொண்ணு அப்பிடித்தான சொல்லிச்சி?” என்றார் பெரியப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் அல்ல. மகள் வெட்கப்படுகிறாள் என்று மனமார நம்பினார். நம்பவைத்தது நான்.

மறுநாள் காலை, நான் பள்ளிக்குப் பின்னலிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வந்தாள். அவள் கையில் என் பரிசுக் கோப்பை இருந்தது. பெயர் எழுதும் முறை அந்த ஆண்டு அவளுடையது. நீல வண்ணத்தில் என் பெயர். ஒவ்வோர் எழுத்தும் அச்சில் வார்த்தது போல் இருந்தது. அந்த நிலையிலும் அவள் கை கோணவில்லை.

“ஏண்டி, ஒரு நிமிசம் எங்க வூட்டுக்கு வா. அப்பா இன்னும் சூள மூட்டப் போவல. மேடைக்காவத்தான் சொன்னேன், நெசமில்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடு. ஒன் பேச்சத்தான் அவரு நம்புறாரு.”

“மேடையில சொன்னத எப்பிடிக்கா மாத்திச் சொல்றது?”

“நான் அவர வேணாம்னு சொன்னப்ப நீ கூடத்தான நின்ன?”

“எல்லாப் பொண்ணுங்களும் மொதல்ல அப்பிடித்தாங்கா சொல்வாங்க.”

பதினான்கு வயதில் இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியும். ஆனால் முழுப் பழியையும் படத்தின்மேல் போட்டுத் தப்பிக்க மாட்டேன். நான் சொன்னது உண்மையில்லை என்று ஒப்புக்கொண்டால் என் முதற்பரிசு பொய்யாகிவிடும் என்று பயந்தேன். அதுதான் காரணம். அதை மறைக்க மற்றதெல்லாம்.

அக்கா கோப்பையைத் திருப்பிப் பார்த்தாள். “பேரு இன்னும் சூள காணல. இப்பன்னா தொடச்சிடலாம்” என்றாள்.

அவள் எதைச் சொன்னாள் என்று புரியாத முட்டாள் அல்ல நான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “அக்கா, பாத்து! கை பட்டுடப் போவுது!”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கோப்பையின் அடியைப் பிடித்துக்கொண்டு, என் பெயரின்மேல் ஒரு விரலும் படாமல், மெதுவாக நடந்து பட்டறைக்குப் போனாள்.

தை மாதம் திருமணம் நடந்தது. நான் மைக் பிடித்து வாழ்த்துரை வழங்கினேன். குடையைப் பற்றி ஒரு வரி சொன்னேன், அதற்கும் கைதட்டினார்கள். பொண்டாட்டி ஆனவள் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து வேலை செய்வது தமக்குப் பிடிக்கவில்லை என்று லாரிக்காரர் சொல்லிவிட்டார். அவருக்குப் பிடிக்கவில்லை என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மறு பூஜைக்கு அக்காவின் மேசையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

நான் வளர்ந்தேன். மாநிலம் முழுவதும் பேசினேன். இப்போது மாணவர்களின் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறேன். காதோரம் நரைத்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் அந்தப் படம் எத்தனையோ முறை தொலைக்காட்சியில் வந்தது. பாட்டு வரும், கூடவே பாடுவேன், சமையலறைக்குப் போய்விடுவேன். ஒருமுறைகூட உட்கார்ந்து பார்க்கவில்லை.

சென்ற மாதம் விருத்தாசலத்துப் பள்ளி ஒன்றில் நடுவராக அழைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து காலை பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸில் அந்தப் படம் ஓடியது. ஆனால் ஒலி வரவில்லை. ஒரு பயணி கேட்டதற்கு, “ஸ்பீக்கரு போயிடுச்சி சார், படம் மட்டும் பாருங்க” என்றார் நடத்துநர். படம் மட்டும் பார்த்தேன்.

பாட்டு இல்லை. நண்பனின் கூச்சல் இல்லை. தாளம் இல்லை. ஒரு பெண் நடக்கிறாள். ஓர் ஆள் பின்னாலேயே வருகிறான். அவ்வளவுதான் படம். இரண்டரை மணி நேரமும் அவ்வளவுதான். அவன் சிரிக்கும் இடங்களிலெல்லாம் அவள் சுற்றுமுற்றும் பார்க்கிறாள். யாராவது வருவார்களா என்று பார்க்கிறாள். கடைசிக் காட்சி வந்தது. மழை. தெரு முழுவதும் அண்டை வீட்டார் நின்று அவள் வீட்டையே பார்க்கிறார்கள். அவளுடைய தகப்பன் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் அவரைப் பார்க்கிறாள், தெருவைப் பார்க்கிறாள், குடையை எடுக்கிறாள். வாசலுக்கு வந்து குடையை நீட்டுகிறாள். நீட்டிவிட்டு ஓர் அடி பின்னால் வைக்கிறாள். பின்னால்! அவன் குடையை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறான். அவள் உதடு அசையவே இல்லை.

அந்தப் பெண் எங்கே சரி என்று சொன்னாள்?

வழியில் வேப்பூரில் இறங்கி, சாலையோர ஓட்டல் ஒன்றின் பின்புறம் போய் வாந்தி எடுத்தேன். கல்லாவில் இருந்தவர் எலுமிச்சம்பழம் கொடுத்து, “பஸ்ஸு ஒத்துக்கலியாம்மா?” என்றார். ஆமாம் என்றேன். விருத்தாசலம் பஸ்ஸைப் பிடித்தேன். போட்டி பிற்பகலில்தான். நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா முறத்தை மடியில் வைத்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். “வாடி. சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற!” என்று மணையை நகர்த்திப் போட்டாள். நான் உட்காராமலே சொன்னேன்.

“அக்கா, அந்தப் பொண்ணு சரின்னு சொல்லவே இல்ல.”

“எந்தப் பொண்ணு?”

படத்தைச் சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன். அவள் காயை ஆய்ந்துகொண்டே கேட்டாள். இடையில் அவளுடைய செல்போன் அடித்தது. “வூட்லதான் இருக்கறேன். எங்க போவப் போறேன்? ... தங்கச்சி வந்திருக்குது. ... ஆமாங்க, வேற யாருமில்ல” என்று வைத்தாள். “மணிக்கு ஒருதடவ கேப்பாரு. கடைக்குப் போனா பின்னாலயே வந்து நிப்பாரு. அப்ப லாரியில வந்தாரு, இப்ப வண்டியில வராரு” என்றாள். ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பது போலச் சொன்னாள்.

பிறகு கேட்டாள். “ஒனக்கு ரெண்டாந்தடவ பாத்தாதான் தெரிஞ்சுதா?”

நான் மணையில் உட்கார்ந்தேன்.

“அந்தக் கோப்ப இருக்குதா?”

“இருக்குக்கா. பேனா போட்டு வெச்சிருக்கேன்.”

“பேரு அழிஞ்சிருக்காது.”

“இல்ல.”

“அழியாது” என்றாள். “நான் எழுதுனதாச்சே.”

வாசலில் வண்டி நின்றது. மூன்று முறை ஆரன். அக்காவின் கையில் இருந்த காய் ஒரு கணம் நின்று, பிறகு நகர்ந்தது. லாரிக்காரர், இப்போது எனக்கு மாமா, உள்ளே வந்தார். தலை வெளுத்து, வயிறு தள்ளி, முகமெல்லாம் சிரிப்பாக. “அட, பேச்சாளரம்மா! எங்க கல்யாணத்த மொத மொத மேடையில சொன்னவங்களாச்சே!” என்று என் கையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். கடலை மிட்டாய். “நீ வந்திருக்கறன்னு சொன்னா. அதான் வாங்கியாந்தேன். ஒனக்குப் புடிக்குமில்ல?”

பொட்டலம் என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. அதைத் தரையில் வைத்தேன்.

“மாமா, அன்னிக்கு நான் மேடையில சொன்னது பொய். அக்கா ஒங்கள வேணாம்னுதான் சொன்னாங்க. மூணு தடவயும் நான் கேட்டேன். பயத்துலதான் கை நடுங்கிச்சி. எனக்குத் தெரிஞ்சும் பரிசுக்காக மாத்திச் சொன்னேன்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “அடேங்கப்பா! இன்னமும் எப்பிடிப் பேசுது பாரு! இந்தப் பக்கம் பேசுன வாயி, அந்தப் பக்கமும் பேசுது!” என்று கைதட்டினார். அதே கைதட்டல். தகரக் கொட்டகையில் நூறு பேர் தட்டியதில் ஒரு ஜோடிக் கை. என் பேச்சுக்கு வேறொரு மதிப்பும் மிச்சமில்லை என்பதை அந்த ஓசையில் தெரிந்துகொண்டேன். நான் எந்த உண்மையைச் சொன்னாலும் இனி அது பேச்சுதான்.

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். கண் எழுதும்போது இருப்பாளே, அப்படி மூச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தாள்.

“ஏங்க, அவ மேடைக்குப் பேசல. நெசமாத்தான் சொல்றா” என்றாள். “எனக்குப் புடிக்கலன்னுதான் சொன்னேன்.”

மறுபடி தட்டப் போன அவருடைய கைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் நின்றன. அக்கா ஒரு நீண்ட பெருமூச்சு விட்டாள்.